மாற்றி வாசித்த ஞாயிறு

ஜூன் 9, திங்கள்

தங்கச்சிக்கு,

இங்கே யாவரும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, “பேசணும்னா எழுதுங்க. போன்ல நீங்க பேசுவீங்க, நான் கேட்பேன். அது இனிமே வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி. சரக்குக்கு ஆர்டர் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் எழுதி இருபது வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் தம்பி சின்னவன் உன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். அவன் உடுப்பையும் செருப்பையும் அவன் கழுத்தில் போட்டிருக்கும் அந்தச் சாயம்போன துண்டுக்கு மாற்றுத் துண்டையும் லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கி வை. அவன் எப்போது திரும்பி வருகிறான் என்றும் கேட்டுச் சொல். கூரை ஷீட் கடைக்கு மழைக்கு முந்திய ஒன்றரை மாதம்தான் உயிர், உனக்குத் தெரியும். கிடங்கு வேலை ஒன்று பாதியில் நிற்கிறது. வெட்டுவதற்கு மொட்டையும் இன்னொருவனும்தான் இருக்கிறார்கள். மொட்டை நல்ல வேலைக்காரன், ஆனால் அளவு எடுப்பதில் சின்னவன் கண் யாருக்கும் இல்லை.

நடந்ததை அவன் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். அம்மா தொடங்கிய ஞாயிறு வாசிப்பை நான் இன்னும் விடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் இயேசுவின் கதை ஒன்று. வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் “இந்தக் கதையில நான் யாரு” என்று சொல்ல வேண்டும், சனிக்கிழமைக்குள் அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்தது, குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷம் படுத்துக் கிடந்தவனை இயேசு எழுந்து நடக்கச் சொன்ன கதை. சின்னவன் முறை வந்ததும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஆறு மாதமாகவே அப்படித்தான். வேலையில் ஏணி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுகிறான், கேட்டால் மூச்சு என்கிறான். எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. “நீதான்டா அந்த ஆளு. எழுந்திரு, படுக்கையை எடுத்துக்கிட்டு நட” என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணி என் தொடையில் கிள்ளினாள். அதற்குள் வாயை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சொன்னதை அப்படியே செய்து காட்டி மனிதனை வெட்கப்படுத்துவதில் அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு ருசி.

ஒரு வார்த்தைக்காக ஐம்பத்திரண்டு வயசுக்காரன் வீட்டை விட்டுப் போவானா? கேட்டுச் சொல்.

அண்ணன்


ஜூன் 15, ஞாயிறு

அண்ணனுக்கு,

உடுப்பு வந்தது. துண்டு வந்தது. செருப்பு அவனுக்கு இப்போது தேவையில்லை.

என் வீடு மாடியில். பதினெட்டுப் படி. வந்த அன்று அவன் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறி வந்தான், பாயை மட்டும் விடவில்லை. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக விரிப்பு துவைக்கிறவள். மூச்சு வாங்குகிறவர்களுக்கும் வேலைக்குச் சோம்புகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போனது எப்படி? தினம் பத்து மணி நேரம் உங்கள் கண் முன்னால் இருந்தான்.

ஒரு வார்த்தைக்காகவா என்று கேட்கிறீர்கள். அம்மா வைத்தது இரண்டே விதி. கதையில் அடுத்தவருக்கு இடம் கொடுக்கக் கூடாது, நமக்கு நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஒன்று. இயேசுவின் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது. இது இரண்டு. மற்றபடி யாராகவும் இருக்கலாம். தம்பி ஒருதடவை கழுதையாக இருந்தான், நாம் எல்லோரும் சிரித்தோம், “கழுதைக்கும் அங்கே வேலை இருந்துச்சு” என்று அம்மா அவன் பக்கம் பேசினார். நீங்கள் எப்போதும் திராட்சைத் தோட்டத்து முதலாளி, இல்லாவிட்டால் அடிபட்டவனைத் தங்கவைத்த சத்திரக்காரன். அதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்கு நீங்கள் இடம் கொடுத்தீர்கள், இயேசுவின் வாயையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு விதியும் ஒரே மூச்சில். அதுவும் அவனிடம் மூச்சு இல்லாத நேரத்தில்.

உங்கள் கடிதத்தை அவனிடம் நீட்டினேன். வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆகவே அவனுக்கென்று எதுவும் எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவன் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள்.

தங்கை


ஜூன் 20, வெள்ளி

தங்கச்சிக்கு,

நன்றாகவே எழுதுகிறாய். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் விரிப்பு துவைக்கப் போயிருக்க மாட்டாய்.

அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். உன் அண்ணி, “அடிக்காதீங்க, உங்க குணம் அவளுக்குத் தெரியட்டும்” என்றாள். தெரிந்ததுதானே. விட்டுவிட்டேன்.

என் பக்கத்தையும் பார். அந்தக் குளத்தங்கரை ஆளைப் பார்த்து இயேசு முதலில் என்ன கேட்டார்? உனக்குக் குணமாக விருப்பமா என்று கேட்டார். அது ஒரு முதலாளி கேட்கிற கேள்வி. வேண்டுமா வேண்டாமா, தெளிவாகச் சொல் என்கிற கேள்வி. நானும் கதைகளை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லாமல் தலைச்சுமையாகத் தகரம் விற்றுத் தொடங்கியவன் நான். எடை குறைக்கக் கூடாது, சொன்ன நாளில் சரக்கு போக வேண்டும், எதிரிக் கடைக்காரன் லாரி குடை சாய்ந்தாலும் என் ஆளை அனுப்பித் தூக்கிவிட வேண்டும். இதெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது? அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தானே. அன்றைக்கும் அவனைத் தூக்கிவிடத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளக் கூடாதா?

படம் எடுத்தார்களா? என்ன சொன்னார்கள்? இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், அவர் வீட்டுக்குக் கூரை போட்டது நாம்தான். வேண்டுமானால் காரை அனுப்புகிறேன்.

அண்ணன்


ஜூலை 3, வியாழன்

அண்ணனுக்கு,

கார் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படம் மாறாது.

நுரையீரலைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் கட்டி. சுற்றிலும் நீர் கோத்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இரண்டு தடவை எடுத்தார்கள், திரும்பவும் கோத்துக்கொள்ளும் என்கிறார்கள். வெட்டி எடுக்க முடியாத இடம். டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு, “அதுக்கும் குறைவா இருக்கலாம்மா” என்றார். பிறகு அவனிடமே போய் என்ன வேலை என்று கேட்டார். கூரை வேலை என்றான். என்ன கூரை என்றார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெட்டி மாட்டுகிற வேலை, பதினெட்டு வயசிலிருந்து என்றான். அந்தத் தூசிதான் என்றார் டாக்டர். உள்ளே போய் முப்பது வருஷம் சும்மா கிடந்துவிட்டு எழுந்திருக்குமாம். “மூக்கைக் கட்டிக்கச் சொல்லி யாரும் சொல்லலையா? எந்தக் கடை?” என்று கேட்டார். தம்பி, “பல இடத்துல வேலை பார்த்தேன் டாக்டர், ஞாபகம் இல்லை” என்றான்.

ஒரே இடம். முப்பத்து நான்கு வருஷம்.

இயேசு முதலாளி மாதிரிக் கேட்டார் என்று எழுதினீர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார், அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஆள் என்ன பதில் சொன்னான்? குணமாக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. குளம் கலங்கும்போது முதலில் இறங்குகிறவன்தான் குணமாவான், என்னைத் தூக்கித் தண்ணீரில் விட ஆள் இல்லை என்றான். அந்த ஒரு புகாரைத்தான் இத்தனை வருஷமும் வைத்திருந்தான். தம்பி அதைக்கூட உங்களிடம் சொல்லவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை. எங்கள் வீட்டில் விரிப்பு எல்லாம் அவன் வியர்வையில் நனைகிறது. வேலையில் துவைப்பது போதாதென்று வீட்டிலும் துவைக்கிறேன்.

தங்கை


ஜூலை 12, சனி

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தினமும் கடை மேசையில் உட்கார்ந்து காகிதத்தை எடுப்பேன், யாராவது வாங்க வருவார்கள், எழுந்துவிடுவேன். வருகிறவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கம்பெனி விற்பனை ஆள் ஒருவர் வருவார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பெட்டி நிறைய முகமூடியும் ஒரு அச்சடித்த தாளும் கொண்டுவந்து கொடுத்தார். ஷீட்டைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு வெட்ட வேண்டும், முகமூடி இல்லாமல் வெட்டக் கூடாது, தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. ஆட்களிடம் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார்கள். வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார்கள். சின்னவன்தான், “மாப்பிள்ளை முகத்தை மூடிக்கிட்டா பொண்ணு எப்படிப் பார்க்கும்” என்று மொட்டையைக் கிண்டல் செய்தான், எல்லோரும் கழற்றினார்கள். நனைத்து வெட்டினால் மெஷின் வழுக்கும், நேரம் இரட்டிப்பாகும். நானும், “சரி விடுங்க, சீக்கிரம் முடிங்க” என்றேன். பெட்டி பரணுக்குப் போனது.

அவர்கள் சிரித்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டேன். சிரிக்கிறவன் சிரிப்பான். தாளைப் படித்தவன் நான். அவன் படித்ததில்லை. படித்துப் புரியாத ஆளில்லை நான், ஒரு சீட்டில் எட்டு நிபந்தனை எழுதினாலும் எதில் ஆபத்து என்று ஒரே பார்வையில் கண்டுபிடிப்பவன். கண்டுபிடித்துத்தான் பரணில் போட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணிக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் தலைப் பக்கம் உயரும். சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு எளிதாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். செவ்வாய்க்கிழமை வந்துசேரும். மூச்சுக் காற்று மெஷின் ஒன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது. எதுவாக இருந்தாலும்.

அண்ணன்


ஜூலை 27, ஞாயிறு

அண்ணனுக்கு,

கட்டில் வந்தது. மாடி ஏறவில்லை. படி திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. நாலு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். இப்போது கீழே நடையில் நிற்கிறது. கீழ் வீட்டுத் தையல்காரர் அதில் துணி அடுக்கி வைத்திருக்கிறார். தலைப் பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு அதில் சாய்ந்துதான் பேப்பர் படிக்கிறார். தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். சிரித்ததும் இருமல், இருமியதும் கண்ணீர், எது எதனால் வந்தது என்று தெரியவில்லை. அவன் இப்போதும் பாயில்தான், முதுகுக்கு நாலு தலையணை.

பெட்டி விஷயத்தை அவனிடம் வாசித்துக் காட்டினேன். காட்டலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். கேட்டுவிட்டு, “தெரியும்” என்றான். “பரண்ல இருந்து ஒருநாள் நான்தான் பெட்டியை இறக்கினேன். படம் பார்த்தேன். எழுத்துதான் படிக்க வராது, படம் பார்க்க வராதா” என்றான். பிறகு ஏன் போடவில்லை என்று கேட்டேன். “அண்ணன் ஒண்ணும் சொல்லலையே” என்றான்.

இன்றைக்கு வாசித்தோம். இங்கே இரண்டே பேர்தான், ஆனாலும் விடவில்லை. வீட்டுக் கூரையைப் பிரித்து, நடக்க முடியாதவனை நாலு பேர் உள்ளே இறக்கிய கதை. அவன் தன்னைக் கட்டிலில் கிடந்தவன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவன், “நான் அந்த வீட்டுக்காரன்” என்றான். “எல்லாரும் தூக்கிட்டு வந்தவங்களைப் பத்திப் பேசுறாங்க, எழுந்து நடந்தவனைப் பத்திப் பேசுறாங்க. பிரிச்ச கூரையை யாரு திரும்பப் போட்டது? அந்த வீட்டுக்காரன் ஒரு வார்த்தை திட்டினதா எழுதலை, பார்த்தியா. வந்தவங்களை வரவிட்டுட்டான்” என்றான். கூரைக்காரன் புத்தி.

சனிக்கிழமைக்குள் என்ன செய்வாய் என்று கேட்டேன், வழக்கப்படி. கேட்டிருக்கக் கூடாது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “என்னால இனிமே எதுவும் செய்ய முடியாது. அண்ணன் வந்தா உள்ளே விடுறேன். அவ்வளவுதான் முடியும்.”

என் வார்த்தை இல்லை இது. அவன் வார்த்தை. சாமான் எதுவும் அனுப்ப வேண்டாம். வாருங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 2, சனி

தங்கச்சிக்கு,

புதன்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனேன். உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நடத்துனர் வந்து சீட்டு கேட்டார். கடைச் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன். சாவி இடுப்பில்தான் இருந்தது. அறுபத்தொரு வயசில் ஒரு நடத்துனரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வரப் பயமாக இருக்கிறது. காரணம் கேட்பாய். சொல்கிறேன், இதையும் சொல்லாவிட்டால் அங்கே வந்து நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

நாம் ஞாயிறுதோறும் வரிசையாக வாசிக்கிறவர்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம், பிடித்ததைப் பொறுக்குவது கிடையாது. அன்றைக்கு வர வேண்டியது கானா ஊர்க் கல்யாணக் கதை. தண்ணீர் திராட்சை ரசமான கதை, சின்னவனுக்குப் பிடித்தது. அதற்கு முந்திய நாள் கிடங்கு வேலையில் அவன் மூன்றாவது வரிசை ஷீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கிடங்குக்காரர் எல்லோர் முன்னாலும், “உங்க தம்பிக்கு ஏணிக்குப் பதிலா நாற்காலி வாங்கிக் கொடுங்க” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு காலை நான் வேதாகமத்தை எடுத்து, பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் நாடாவைக் கானா ஊரிலிருந்து எடுத்துக் குளத்தங்கரையில் வைத்தேன். அவனுக்காகவே தேடி வைத்தேன். வாசிக்கும்போதே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். வாய் தவறி வந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பொய். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்குகிற மாதிரி அளந்து வைத்து அடித்தேன்.

அம்மா சொல்லிக்கொடுத்தது நம்மை நாமே அதில் பார்த்துக்கொள்ள. நான் அதைக் கம்பாக எடுத்தேன். படுத்துக் கிடக்கிறவனை எழுப்பிய வார்த்தையை எடுத்து, எழுந்து நின்று வேலை பார்த்தவனைப் படுக்க வைத்துவிட்டேன். டாக்டர் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

இதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சொல்லாமல் அங்கே உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வரவும் முடியாது. என்ன செய்யட்டும்?

அண்ணன்


ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணனுக்கு,

நேற்று மறுபடி நீர் எடுத்தார்கள். இந்தத் தடவை பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். பஸ் ஏறினால் இறங்காமல் வாருங்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை எனக்குக் காலை வேலை, ஏழு மணிக்குப் போய்விடுவேன். கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. பதினெட்டுப் படி.

தங்கை


செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணனுக்கு,

தம்பி போய் இன்றோடு பதினாறு நாள். கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் பின் வரிசையில் நின்றீர்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். அண்ணி மட்டும் இரண்டு நாள் இருந்தார். நல்ல மனுஷி. பாத்திரம் துலக்கும்போதே அழுதுவிட்டு, கையைத் துடைக்கும்போது நிறுத்திக்கொள்கிறார். எனக்கு அது வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்று கேட்க வேண்டும்.

சொல்ல வேண்டியது. ஜூனில் உங்கள் முதல் கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான் என்று எழுதினேன். நீட்டவே இல்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவன் வந்த முதல் வாரத்திலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தான், அண்ணன் ஏதாவது எழுதினாரா, தபால்காரர் இன்றைக்கு இந்தப் பக்கம் வந்தாரா என்று. நான் இல்லை இல்லை என்றேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் செய்தேன். அவன் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு செய்தேன். ஜூலை கடைசியில்தான் கடிதங்களை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், அதுவும் பெட்டி விஷயம் வந்ததால். ஆறு வாரத்தை உங்கள் இரண்டு பேரிடமிருந்தும் எடுத்துவிட்டேன். நீங்கள் ஒரு கதையை எடுத்து அவனை அடித்தீர்கள். நான் எந்தக் கதையும் இல்லாமலே அடித்தேன்.

கேட்க வேண்டியது. அந்தச் சனிக்கிழமை நான் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவன் முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் நீங்கள் கிளம்பி வாசலில் நிற்கும்போது பாயிலிருந்தே அவன் ஏதோ கேட்டான், நீங்கள் தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகு பதிமூன்று நாள் இருந்தான். ஒருநாள்கூட என்ன பேசினீர்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் வெட்கத்தில் கேட்கவில்லை.

உங்களை மன்னித்தானா? அது தெரிந்தால் என்னையும் மன்னித்திருப்பானா என்று யோசித்துக்கொள்வேன்.

தங்கை


செப்டம்பர் 22, திங்கள்

தங்கச்சிக்கு,

அரிசி டின் விஷயத்துக்காக நீ அழ வேண்டாம். ஜூனில் நீ உண்மையை எழுதியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். கட்டிலைத்தான் அனுப்பியிருப்பேன், ஒரு மாதம் முன்னதாக. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. என்னை எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

நான் உள்ளே போனதும் அவன், “வா அண்ணே, மூச்சு வாங்குதா? பதினெட்டுப் படி” என்றான். உட்கார்ந்தேன். பஸ்ஸில் நாலு மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த எல்லாம் போய்விட்டது. ஒரு மணி நேரம் போல மழையைப் பற்றியும் சரக்கைப் பற்றியும் பேசினோம். பிறகு தாடி அரிக்கிறது, சவரம் பண்ணிவிடு என்றான். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு செய்யும்போது அவன் மூச்சு என் உள்ளங்கையில் பட்டது. விட்டு விட்டு. அப்போதுதான் சொன்னேன். நாடாவை நகர்த்தியதைச் சொன்னேன். தாளைப் படித்துவிட்டுப் பரணில் போட்டதைச் சொன்னேன். “என்னை மன்னிச்சிடுடா” என்றேன். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். திறந்து, “மொட்டை இருமுறானா?” என்று கேட்டான்.

எனக்குப் புரியவில்லை. கவனிக்கவில்லை என்றேன். “நாலு வருஷமா எனக்குத் தெரியும். காலையில மெஷின் போடுறதுக்கு முன்னாலயே அவன் இருமல்தான் கேட்கும். அவனைப் படம் எடுக்கக் கூட்டிட்டுப் போ அண்ணே” என்றான். சரிடா என்றேன்.

மறு கன்னம் முடித்துத் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “மொட்டையைக் கூட்டிட்டுப் போவியா?” என்றான். போவேன் என்று சொன்னேனே என்றேன். “சொன்னா போக மாட்டான். வேலை போயிடுமோன்னு பயப்படுவான். ஆள் அனுப்பாதே, நீயே கூட்டிட்டுப் போகணும்” என்றான்.

வாசலில் நீ பார்த்தது மூன்றாவது தடவை. அதே கேள்விதான். எனக்குக் கொஞ்சம் மனசு நொந்தது என்றே சொல்லலாம். நாற்பது வருஷம் சொன்ன நாளில் சரக்கு கொடுத்தவனை நம்பாமல் மூன்று தடவை கேட்கிறானே என்று. ஆனாலும் தலையாட்டினேன்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. ஒரு வேலையைக் கொடுத்தான். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. தெரிந்தது போல உனக்கு எழுதினால் பழைய ஆளாகிவிடுவேன்.

அடக்கத்தன்று நான் ஓடிப்போனதற்கும் அதுதான் காரணம். அதுவரை மொட்டையிடம் நான் பேசியிருக்கவில்லை. இரண்டு வாரம் போய்விட்டது, கடையில் தினமும் பார்க்கிறேன், வாய் வரவில்லை. செய்யாத வேலையை வைத்துக்கொண்டு சின்னவன் பக்கத்தில் எப்படி நிற்பது? பின்னால் நின்றேன்.

மறுநாள் பேசினேன். மொட்டை நழுவினான். எனக்கென்ன முதலாளி, நேற்றுக்கூட எட்டு ஷீட் தூக்கினேன் என்றான். பெண் பிள்ளைக்குப் பரீட்சை என்றான். அடுத்த வாரம் என்றான். கடைசியில் ஒரு புதன்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு வெட்டுக்காரர்களையும் காரில் ஏற்றினேன். வாங்க வந்தவர்கள், “என்ன, கடை லீவா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கடை திறந்த நாளிலிருந்து முதல் லீவு.

இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை. மொட்டையின் படத்தில் வலது பக்கம் ஓரமாக ஒரு நிழல். சவ்வு தடித்திருக்கிறது, நீரும் கொஞ்சம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். எங்கே வேலை என்று அவர் மொட்டையைக் கேட்டார். மொட்டை என்னைப் பார்த்தான். “என் கடையில, டாக்டர். முகமூடி இல்லாம. நான்தான் இவர் முதலாளி” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இனி அது எங்கே போகுமோ போகட்டும்.

அந்தச் சரக்கு இனி நான் வாங்குவதில்லை. இருப்பதை விற்கவும் மாட்டேன். மூடி வைத்திருக்கிறேன், எப்படிக் கழிப்பது என்று விசாரிக்கிறேன். இதனால் சின்னவன் வரப்போவதில்லை, தெரியும்.

திரும்பி வந்து தன் வீட்டு முன்னால் இறங்கும்போது மொட்டை, “சின்னவருக்கு வந்ததுதானா முதலாளி?” என்றான். எனக்கு ஒரு வேத வசனமும் வாயில் வரவில்லை. வராமல் இருந்ததே நல்லது. இன்னும் தெரியலைப்பா, தெரியறப்ப நானும் கூட இருப்பேன் என்றேன். அவன் மனைவி கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டாள். போனேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊசி. கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். அவன் மனைவிக்கு இரத்தம் பார்த்தால் மயக்கம் வரும், நான் உள்ளே போகிறேன். நோயாளியை மேசை மேல் குனிந்து உட்காரவைப்பார்கள், அசையக் கூடாது, எதிரில் இருக்கிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். எப்படிப் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. நீ தம்பிக்கு மூன்று தடவை பிடித்திருக்கிறாய். தோளைப் பிடிக்க வேண்டுமா, கையையா? ஊசி இறங்கும்போது அவனிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டுமா, சும்மா இருந்தால் போதுமா? வியாழனுக்குள் எனக்கு எழுது.

அண்ணன்